திங்கட்கிழமைக் காய்ச்சல்

சித்திரை மாதத்து மாலை. பட்டறையின் தகரக் கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை எங்கள் தலையில் இறக்கிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் சட்டையைக் கழற்றிப் பிழிகிறோம். தணிகாசலம் மட்டும் இரண்டு கோணிச் சாக்குகளைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் குந்தியிருக்கிறார். பற்கள் தந்தியடிக்கின்றன. கண் சிவந்திருக்கிறது.

தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"முசே, இதுல சக்கர போட்டீங்களா?"

"வெறும் தண்ணிதான்."

"தித்திக்குதே."

லேத் ஓட்டும் கோவிந்தன் அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தான். "நேத்து ஊத்தினது இன்னும் நாக்குல நிக்குது போல. குடுத்து வெச்ச நாக்குய்யா!"

பட்டறையே சிரித்தது. "அம்மன் மேல ஆணையா..." என்று ஆரம்பித்த தணிகாசலத்தை நடுக்கம் முடிக்கவிடவில்லை.

நானும் சிரித்தேன். பெரிதாக இல்லை, மேற்பார்வையாளன் சிரிக்கிற அளவுக்கு.

போன வாரம் இந்தப் பத்திரிகைத் தொடரில் பட்டறையைப் பற்றி எழுதியபோது, "எங்கள் வெல்டர் தணிகாசலம் பிற்பாடு நெஞ்சு நோயில் இறந்துபோனார்" என்று ஒரு வரியோடு நகர்ந்துவிட்டேன். அரியாங்குப்பத்திலிருந்து ஒரு வாசகர், அவருக்கு என்ன நோய், எப்படி வந்தது என்று கேட்டு எழுதியிருக்கிறார். அவர் ஏதோ ஆர்வத்தில் கேட்டிருப்பார். எனக்கு அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. இந்த வாரம் வேறு எதையோ எழுதுவதாக இருந்தேன். அது கிடக்கட்டும்.

வெள்ளைத் தகடு

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகியிருந்தது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பக்கம் இருந்தது எங்கள் பட்டறை. முதலாளி ஒரு பிரெஞ்சுக்காரர், எல்லோருக்கும் 'பத்ரோன்'. நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பிரெவே பரீட்சை பாஸ் பண்ணியவன். கடிதம் எழுதுவது, ஆர்டர் பிடிப்பது, ஆட்களை மேய்ப்பது எல்லாம் நான்தான். பிரெஞ்சு படித்தவன் என்பதால் வயதில் மூத்தவர்கள்கூட என்னை 'முசே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

தணிகாசலம் என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். அன்று அவரை 'நீ' என்றுதான் அழைத்தேன். இன்று எழுத உட்கார்ந்தால் பேனாவில் 'அவர்' என்று வருகிறது. இந்த மரியாதையால் இனி யாருக்கும் உபயோகம் இல்லை.

வீராம்பட்டினத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து கடலை விட்டு வந்தவர். ஏன் விட்டாய் என்று கேட்டால், "கடலுக்கும் எனக்கும் ஒத்துக்கல முசே, ஆளுக்கொரு பக்கம் போயிட்டோம்" என்பார். கை அவ்வளவு சுத்தம். அவர் வைத்த ஒட்டின் மேல் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் எங்கே தகடு முடிகிறது, எங்கே ஒட்டு தொடங்குகிறது என்று தெரியாது.

புதிய சர்க்கார் பள்ளிக்கூடங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் தண்ணீர்த் தொட்டி கேட்டது. துருப்பிடிக்காத தொட்டி. அதற்குத் துத்தநாகம் பூசிய தகடு வந்து இறங்கியது. பட்டறையில் அதற்கு 'வெள்ளைத் தகடு' என்று பெயர். வெயிலில் வைத்தால் மீன் செதில்போல் மினுங்கும்.

கறுப்புத் தகட்டை ஒட்டும்போது புகை அதிகம் இருக்காது. வெள்ளைத் தகட்டில் சுடர் பட்டதும் பூச்சு எரிந்து வெண்புகை குபுகுபுவென்று எழும்பும். ஆறியதும் அது பஞ்சு இழைபோல மெல்ல மிதந்து இறங்கும். தணிகாசலத்தின் புருவத்திலும் மீசையிலும் அது படிந்து, சாயங்காலம் அவர் கிழவராகியிருப்பார். "எனக்கு நர தட்டிடுச்சு, பொண்ணு பாக்குறத நிறுத்திடுங்க" என்று அவரே கேலி பண்ணுவார்.

ஜன்னலைத் திறந்துவைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பினால் சுடர் ஆடும். ஒட்டில் ஓட்டை விழும். அதனால் சாப்பாட்டு மணி அடித்ததும் கிழக்கு ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் சாக்கை அடைத்துவிடுவோம். ஊரே காத்திருந்து மார்பைத் திறந்து வாங்கிக்கொள்ளும் காற்றை நாங்கள் சாக்கு வைத்து அடைத்தோம். அதிலும் தொட்டியின் உள் ஒட்டுக்கு ஆள் தொட்டிக்குள்ளேயே இறங்கி, முழங்காலை மடக்கி உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். மேலே ஒரு வாய் மட்டும் திறந்திருக்கும். அந்த வாய் வழியாக வெண்புகை இட்லிப் பானை போல் வந்துகொண்டிருக்கும்.

மருந்தும் வைத்திருந்தோம். பால். வெல்டருக்குத் தினமும் ஒரு டம்ளர். பால் குடித்தால் புகை நெஞ்சில் ஒட்டாது என்று பத்ரோனும் நம்பினார், நானும் நம்பினேன், கோவிந்தனும் நம்பினான். பிரெஞ்சுக்காரனும் தமிழனும் ஒத்துப்போன விஷயம் அந்தப் பட்டறையில் அது ஒன்றுதான்.

எல்லைக்கு இந்தப் பக்கம்

இந்த இடத்தில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு கடை. சனிக்கிழமை சாயங்காலம் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வரும் பஸ்களில் ஆட்கள் நிமிர்ந்து வந்து இறங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்பும் பஸ்களில் சாய்ந்து கிடப்பார்கள். எங்கள் ஊரில் ஒருவன் தள்ளாடினால், அவனுக்கு என்ன உடம்புக்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். எந்தக் கடை என்றுதான் கேட்பார்கள்.

ஞாயிறு குடித்தவன், திங்கள் சாயங்காலம் தலைவலி தீர மறுபடி ஊற்றாமல் இருக்க மாட்டான். இதுவும் ஊரறிந்தது.

தணிகாசலத்துக்கு நடுக்கம் வந்ததோ திங்கட்கிழமைகளில்தான். காலையில் நன்றாக வருவார். நாலு நாலரைக்கு உடம்பு முறுக்கும், தாகம் எடுக்கும், குளிர் தூக்கிப் போடும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு போய்ச் சேருவார். இரவெல்லாம் வியர்த்துக் கொட்டி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்றுமே நடக்காததுபோல வந்து நிற்பார். ஞாயிறு எங்கே போனான், திங்கள் என்ன செய்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் அவர் குடிப்பதை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு நன்றாகக் குடித்தவர்தான். மகள் அஞ்சலைக்கு இரண்டு மூன்று வயதில் பெரியம்மை போட்டு, கண் மூடிக் கிடந்தபோது ஊர் அம்மன் வாசலில் விழுந்து சத்தியம் பண்ணினார்: குழந்தையை விட்டுவிடு, இனி தொட மாட்டேன். குழந்தை பிழைத்தது. முகத்தில் தழும்பு மட்டும் தங்கியது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மனைவி செங்கேணி பட்டறை வாசலுக்கு வந்தாள். மீன் விற்றுவிட்டு வந்த வெறுங்கூடை இடுப்பில். அவர் தொட்டிக்குள் இருந்தார், அவருக்குத் தெரியாது.

"ஐயா, நீங்க படிச்சவரு, பொய் சொல்ல மாட்டீங்க. எங்க ஊட்டுக்காரரு குடிக்கிறாரா?"

"அவனையே கேளேன்."

"கேட்டா இல்லன்றாரு. ஞாயித்துக்கெழம நான் மார்க்கெட்ல இருக்கேன், இவுரு எங்க போறாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? திங்கக்கெழம ஆனா ஆடிக்கினு வர்றாரு. கிட்டப் போனா வெல்டிங் கார்பைட் நாத்தம்தான் அடிக்குது, வேற எதுவும் தெரியல." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "அவுரு குடிச்சிக் கெட்டா கெட்டுப்போகட்டும்யா. சத்தியம் பண்ணது கொழந்த உசுரு மேல. அம்மா திருப்பிக் கேட்டான்னா நான் எங்க போவேன்?"

அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வயது, பழக்கமில்லாத படிப்பு.

"குடிச்சாதான்மா அப்படி வரும்" என்றேன்.

அவள் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவருக்கு வீட்டுக்குள் இடமில்லை. அம்மன் விளக்கு எரிகிற வீட்டில், சத்தியம் மீறியவன் குளித்து முழுகாமல் நுழையக்கூடாது என்று சொல்லிவிட்டாளாம். கடற்கரையில் கட்டுமரத்து ஓரம், மணலில், ஜுரத்தோடு படுத்திருந்தார். இதை அவரே என்னிடம் சொன்னார், சிரித்துக்கொண்டே. "மணலு நல்லா சூடா இருக்கு முசே. குளுருக்கு அதுதான் சொகம்."

நான் கண்டுபிடித்த மருந்து

என் அறிவைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் உண்டு என்று இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் உச்சத்தை இப்போது சொல்கிறேன்.

பொங்கலுக்கு மூன்று நாள் பட்டறை மூடியிருந்தது. திறந்த அன்று சாயங்காலம் தணிகாசலத்துக்கு வந்த நடுக்கம் அதுவரை வராதது. அன்று திங்கட்கிழமைகூட இல்லை. வருகைப் பதிவை எடுத்து, அவர் முன்னதாகக் கிளம்பிய நாட்களைத் தேடினேன். தீபாவளிக்கு மறுநாள், ஏதோ தலைவர் இறந்து விடுமுறை விட்டதற்கு மறுநாள், ஒவ்வொரு ஞாயிறுக்கும் மறுநாள். மற்றபடி செவ்வாய் முதல் சனி வரை ஒரு நாள்கூட இல்லை.

அப்போதே, குடிதான் காரணம் என்ற எண்ணத்தை நான் கைவிட்டிருக்க வேண்டும். ஓரளவு கைவிட்டேன். ஆனால் அந்த இடத்தில் புகையைப் பிடிக்காமல் விடுமுறையைப் பிடித்துக்கொண்டேன். இரும்பு வேலை செய்கிற உடம்புக்கு ஓய்வு ஆகவில்லை. இயந்திரம் நின்றால் துருப்பிடிப்பது மாதிரி என்று எனக்கே ஒரு விளக்கமும் எழுதிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழமயும் வா. ஒரு மணி நேரம் வெள்ளைத் தகடு ஒட்டிட்டுப் போ. பாக்கலாம்" என்றேன்.

வந்தார். மறுநாள் நாலரை ஆயிற்று, ஐந்தாயிற்று. காய்ச்சல் வரவில்லை. தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, "வெறும் தண்ணியாதான் இருக்கு!" என்று கத்தினார். கோவிந்தன் விசிலடித்தான். தணிகாசலம் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

பட்டறையில் நான் வைத்தியனாகிவிட்டேன். பத்ரோனிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவரும் தோளில் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை வேலை ஒரு மணி நேரத்திலிருந்து அரை நாளாகி, முழு நாளாயிற்று.

ஒரு மாதம் கழித்து செங்கேணி வாழையிலையில் சுற்றிய வஞ்சிரத் துண்டுகளோடு வந்தாள்.

"ஐயா நல்லா இருக்கணும். ஞாயித்துக்கெழம வேல குடுத்தீங்க, குடிக்க நேரமில்ல, எல்லாம் நின்னு போச்சு. குடிதான்னு நீங்க அன்னிக்கே சொன்னீங்களே!"

என் மருந்து, அவர் குடித்தார் என்பதற்கும் நிரூபணமாகிவிட்டது. இல்லை அம்மா, விஷயம் வேறு என்று நான் சொல்லவில்லை. என்ன விஷயம் என்று எனக்கும் தெரியாதே. மீனை வாங்கிக்கொண்டேன்.

டாக்டர் பார்த்தது

அந்த வருஷம் வெயில் இறங்குகிற சமயம். ஊரில் தங்கிவிட்ட வயதான பிரெஞ்சு டாக்டர் ஒருவர், தன் வைத்தியசாலைக் கொதிகலன் ஒன்றை ஒட்டிக்கொண்டுபோக வந்தார். காத்திருந்த நேரத்தில் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டி வாயிலிருந்து எழும் வெண்புகையைப் பார்த்து நின்றுவிட்டார். சற்று நேரத்தில் உள்ளிருந்து தணிகாசலம் எழுந்தார், நரைத்த மீசையோடு. டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டு, பிரெஞ்சில் என்னிடம் கேட்டார். "இவருக்குத் திங்கட்கிழமை குளிர் வருமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரும், ஆனால் நான் குணமாக்கிவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை யோசனையைச் சொல்லும்போது குரலில் பெருமையைக்கூட மறைக்கவில்லை.

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இது உலோகம் உருக்குகிறவர்களுக்கு வரும் காய்ச்சல், பிரான்சில் பித்தளை வார்க்கிறவர்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன் என்றார். புகைக்கு உடம்பு ஓரிரு நாளில் பழகிவிடும். ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். மறுபடி புகை பட்டதும் காய்ச்சல் வரும். அவ்வளவுதான். பழகிவிட்டது என்றால் கெடுதல் இல்லை என்று பொருள் இல்லை.

"காய்ச்சல் ஒரு மணியோசை. நீங்கள் நெருப்பை அணைக்கவில்லை. மணியின் நாக்கைக் கட்டியிருக்கிறீர்கள்."

"பால் கொடுக்கிறோம்" என்றேன்.

"பால் பசிக்கு நல்லது" என்றார்.

செய்ய வேண்டியதையும் சொன்னார். ஜன்னலைத் திறங்கள். ஒட்டும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். ஆளை மூடிய தொட்டிக்குள் இறக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுங்கள். "அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, எனக்குத் தமிழ் போதாது. நீங்கள் அவருக்குச் சொல்லிவிடுங்கள்."

சொல்கிறேன் என்றேன். சில மாதங்களில் அவர் கப்பலேறிவிட்டார்.

நான் சொல்லவில்லை.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். பத்ரோன் பிரான்சுக்குத் திரும்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டிகள் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தால் பட்டறையை என் பொறுப்பில் விட்டுப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பூச்சைச் சுரண்டினால் ஒரு நாள் வேலை இரண்டு நாளாகும். ஜன்னலைத் திறந்தால் மத்தியானத்துக்கு மேல் வேலையே ஓடாது. விஷயம் வெளியே தெரிந்தால் தணிகாசலம் நின்றுவிடுவார். அவர் கை வேறு யாருக்கும் வராது. இந்தத் தொட்டிகள் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளினேன். இந்தத் தொட்டிகள் முடிந்ததும் அடுத்த தொட்டிகள் வந்தன.

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. அவருக்குப் பாலை இரண்டு டம்ளர் ஆக்கினேன்.

ஆடி வெள்ளி

வீராம்பட்டினத்தில் ஆடி மாதத்துத் தேர், சுற்றுவட்டாரமே கூடும் திருவிழா. அந்த ஊரில் பிறந்த ஆண் தேர்வடத்தைத் தொடாமல் இருக்க மாட்டான்.

அதற்கு முந்தின வாரம் தணிகாசலம் என் மேசைக்கு வந்து நின்றார். கையில் வெல்டிங் கண்ணாடியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"முசே, ஒரு ஒதவி. செங்கேணிகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"என்ன?"

"வடத்த தொடக்கூடாதுன்றா. சத்தியத்த மீறினவன், மொதல்ல அம்மன் வாசல்ல நின்னு குடிச்சேன்னு ஊரறிய ஒத்துக்கோ, தண்டம் கட்டு, அப்புறம் வடத்த தொடுன்றா. நான் எப்படி ஒத்துக்கறது? குடிச்சிருந்தா ஒத்துக்கலாம். குடிக்காத குடிக்கு அம்மாகிட்ட எப்படி மன்னிப்புக் கேக்குறது? அது இன்னொரு பொய்யில்ல?"

நான் காகிதத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொன்னா நம்புவா. நீங்க சொல்லித்தான் அதையும் நம்பினா." இதைச் சொன்னபோது அவர் குரலில் குற்றச்சாட்டு ஒரு துளி இல்லை. வழி கேட்கிறவரின் குரல். "அது குடி இல்ல, வேற ஏதோ ஒடம்பு சீக்குன்னு ஒரு வார்த்த. போதும்."

என்ன சீக்கு என்று அவள் அடுத்ததாகக் கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதனால்தான் போக முடியவில்லை.

"அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றேன்.

"அடுத்த வாரம் தேரு முடிஞ்சிடுமே முசே."

"வேலை இருக்குல்ல?"

தேரன்று நான் போகவில்லை. கோவிந்தன் போய்வந்து சொன்னான். ஊரே வடத்தில் இருக்க, தணிகாசலம் மட்டும் காணிக்கை உப்பு விற்கிற ஒருத்தியின் வண்டி ஓரம் நின்று, அஞ்சலையைத் தோளில் தூக்கித் தேரைக் காட்டிக்கொண்டிருந்தாராம். "பொம்பளைங்க, சின்னப் பசங்க நிக்குற எடம் முசே அது. பாக்க ஒரு மாதிரி இருந்தது" என்றான். அவர் நாக்கைக் கேலி பண்ணிய அதே கோவிந்தன்.

அடுத்த ஆடிக்கு யாரும் அவரைத் தடுக்க வேண்டியிருக்கவில்லை. வடம் இழுக்க அவரிடம் மூச்சு இல்லை.

மூச்சு

முதலில் இருமல். மழைக்காலத்தில் வந்து பனிக்காலத்தில் போகாமல் தங்கிய இருமல். சாம்பல் நிறச் சளி. பிறகு அரியாங்குப்பத்து ஆற்றுப் பாலத்தில் சைக்கிளை மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டு வந்தார். பிறகு சைக்கிளை விட்டு பஸ்ஸில் வந்தார். தொட்டிக்குள் இறங்கினால் ஏறிவர இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு பொங்கலுக்குப் பிறகு வரவில்லை.

அதற்குள் பத்ரோன் போய்விட்டார். பட்டறை என் பொறுப்புக்கு வந்துவிட்டது. தணிகாசலத்துக்குப் பதில் வந்த ஆளுக்கு நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன், பூச்சைச் சுரண்டச் சொன்னேன். வேலை தாமதமாயிற்று. சர்க்கார் ஒன்றும் சொல்லவில்லை. தாமதித்தால் குடிமுழுகிவிடும் என்று நான் பயந்த அந்தத் தாமதத்தை யாரும் கவனிக்கக்கூட இல்லை.

அவர் பீடி பிடிப்பவர். எல்லாமே அந்தப் புகையின் வேலை என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டு சில வருஷங்கள் ஓட்டினேன். அதற்குமேல் அது தாங்கவில்லை.

கடைசியாக அவரைப் பார்க்கப் போனது ஒரு பிற்பகல். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். ஒவ்வொரு மூச்சையும் தோள்பட்டையைத் தூக்கி, வலை இழுப்பதுபோல இழுத்தார். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருந்தன. கடற்காற்று வீடு முழுக்க வீசிக்கொண்டிருந்தது. இப்போது அவருக்கு அதை வாங்க இடமில்லை.

செங்கேணி கருவாடு காயப்போட வெளியே போனதும் கேட்டார்.

"முசே... அந்த வெள்ளக்கார டாக்டரு... என்னையே பாத்துக்கினு... பேசினாரே. என்னா சொன்னாரு?"

அத்தனை வருஷம் அவர் அதை மறக்கவில்லை. கேட்கவும் இல்லை. நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ.

அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் மூச்சு திரும்பியிருக்காது. ஆனால் செங்கேணியைக் கூப்பிட்டு, 'கேட்டுக்கோ, நான் குடிக்கல' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

"பால் குடிக்கச் சொன்னார்" என்றேன்.

என்னைப் பார்த்தார். மெல்ல, மீசை ஓரம் சிரிப்பு வந்தது. "அது... நீங்க சொன்னதாச்சே" என்றார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே நேரமாயிற்று. நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

படையல்

பிரான்சோடு கடைசிக் கையெழுத்து ஆகி, ஊரில் பாதிப் பேர் எந்த நாட்டுக்காரராக இருப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் அவர் போனார்.

பதினாறாம் நாள் போனேன். முற்றத்தில் தலைவாழை இலை போட்டு, இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்திருந்தார்கள். வஞ்சிரக் குழம்பு, இறால் வறுவல், ஒரு கட்டு பீடி. அவருடைய வெல்டிங் கண்ணாடியைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்கள். உறவுக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

செங்கேணி கடைசியாகப் புடவைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு சாராயப் பாட்டிலை எடுத்து இலையின் மேல் வைத்தாள்.

"உசுரோட இருந்தப்ப எனக்குப் பயந்து ஒளிஞ்சி ஒளிஞ்சிக் குடிச்சாரு" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. குரலில் கோபம் ஒன்றும் இல்லை. மன்னித்துவிட்ட குரல். "குளுர்ல மணல்ல படுக்க வெச்சேன் பாவி. இன்னிக்காவது நிம்மதியா, என் முன்னாலயே குடிக்கட்டும்."

தாவணி போடாத வயது அஞ்சலைக்கு. தழும்பு விழுந்த முகத்தை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். "அது எதுக்கும்மா? எங்கப்பா பால்தானே குடிக்கும்."

"உனக்குத் தெரியாதுடி. நீ சின்னப் புள்ள." செங்கேணி என் பக்கம் திரும்பினாள். "முசேவக் கேளு. அவருக்குத் தெரியும்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அஞ்சலையும் பார்த்தாள். கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். ஒரே ஒரு வார்த்தைதான். ஆடி மாதத்தில் அவர் என் மேசைக்கு வந்து கேட்ட அதே வார்த்தை.

நான் தலையை ஆட்டினேன். 'ஆமாம்' என்று.

செங்கேணி மூடியைத் திறந்து டம்ளரில் ஊற்றி இலையின் முன் வைத்தாள். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு டம்ளரைப் பார்த்தாள். அதன்பின் என்னைப் பார்க்கவே இல்லை.

செங்கேணி இறந்து பல வருஷங்கள் ஆகின்றன. அஞ்சலை திருமணமாகி வடக்கே பிள்ளைச்சாவடிப் பக்கம் போனதாகக் கேள்வி. இருந்தால் அவளுக்கே வயதாகியிருக்கும். அவள் இந்தப் பத்திரிகையைப் படிப்பவளா என்று எனக்குத் தெரியாது. அரியாங்குப்பத்து வாசகரே, அவளைத் தெரிந்தவர்கள் உங்கள் பக்கம் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாவிட்டால், கடைசி வரியை மட்டும் சொன்னால் போதும்.

உன் அப்பா குடிக்கவில்லை, அம்மா. அது எனக்கு அன்றே தெரியும்.